பாறைக்குக் கல்யாண மேக்கப்

ஜோர்டான் பாலைவனப் பள்ளத்தாக்கில் நான் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்திருந்தேன்.

உச்சி வெயிலில் எடுத்த படம். ஒரு பக்கப் பாறையில் கண் கூசும் வெளிச்சம், எதிர்ப்பக்கம் கும்மிருட்டு. அந்த இருட்டுக்காகத்தான் எடுத்தேன்.

இன்று போய்ப் பார்த்தால் இருட்டையே காணோம். செம்பாறை சந்தன நிறத்தில் பளபளத்தது.

“அண்ணே, நிழல் எங்கே?” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“ரொம்பக் கறுப்பா இருந்துச்சு லா அக்கா. கல்யாணப் பொண்ணுக்குப் போடுற செட்டிங்கை ஃப்ரீயா போட்டு விட்டேன்.”

“இந்தப் படத்துக்குக் கறுப்புதாண்ணே அழகு. நான் எடுத்த மாதிரியே போடுங்க.”

போட்டார். நிழல் திரும்பி வந்தது.

“யாராவது கேட்டா என் கடைன்னு சொல்லிடாதீங்க லா.”

பாறையையே விட்டுவைக்காத மனிதர். இங்கே கல்யாண ஆல்பம் போட்டவர்களே, அதில் இருப்பது நீங்கள்தானா?