பழைய டிரைவரை நீக்கத் துணியாத வாரம்

எங்கள் கணினித் திரை எப்போதும் பதிகத்தின் நான்காம் பாடலில்தான் கறுக்கும். முதல் மூன்று பாடல்களும் பழுதின்றி நடக்கும். நான்காவதில் நான் குரலை மேலே கொண்டுபோகும் வேளையில் படம் ஒருமுறை நடுங்கி அணைந்துவிடும். சற்று நேரத்தில் வெளிச்சம் திரும்பும். திரையின் டிரைவர் செயலிழந்து மீண்டுவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் தோன்றும். மீண்டது டிரைவர் மட்டுமே. காணொளிக் கூட்டம் அறுந்திருக்கும்.

"நீங்க பாடறதக் கேக்க முடியாமத்தான் அது கண்ண மூடிக்குது" என்றாள் என் மனைவி, முறத்தில் சாமை புடைத்தபடி. ஜவ்வாது மலையிலேயே பிறந்தவள். சொல்ல நினைத்ததை அடிவாரம் வரைக்கும் கேட்கும்படி சொல்வாள்.

ஞாயிறு காலைகளில் அன்பர்கள் இருபது பேர் அவரவர் வீட்டிலிருந்தே இணையம் வழியாகக் கூடிப் பதிகம் ஓதுவோம். ஓராண்டாக ஓதிவந்த வரிசையின் நிறைவுப் பதிகத்தை முன்னின்று ஓதும் பேறு எனக்குக் கிடைத்திருந்தது. ஆனால் நான் அறுந்து விழும்போதெல்லாம் ஆலங்காயத்து அன்பர் ஒருவர், விட்ட அடியிலிருந்து எடுத்து முடித்துவைப்பார். அவர் குரல் நல்ல குரல். என் வருத்தமே அதுதான். வரும் ஞாயிறன்றும் என் திரை கறுத்தால் மீதியை அவரே ஓதட்டும் என்று குழுவில் பேசி முடித்திருந்தார்கள். கைப்பேசியிலேயே பாடலாமே என்றால், எங்கள் வீட்டுக்கு இணையம் வருவதே ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்த அந்தக் கைப்பேசி வழியாகத்தான். அதை ஒரு சாண் நகர்த்தினாலும் இணையம் போய்விடும். அதன் எழுத்துகளைப் படிக்க என் கண்ணும் இடங்கொடுப்பதில்லை.

கணினி என் மருமகனுடையது. திருமண ஆல்பம் வடிவமைக்க வாங்கியவர், புதிது வந்ததும் பழையதை எங்களுக்கு அனுப்பிவைத்தார். படம் காட்டுவதற்கென்று அதனுள் தனியாக ஓர் அட்டை உண்டு. அந்த அட்டைக்கும் கணினிக்கும் நடுவே நின்று பேசும் மென்பொருளே டிரைவர். இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் கலசப்பாக்கத்தில் கணினி பழுதுபார்க்கும் பெண்மணி. "பழசை மொத்தமா எடுத்துட்டு அப்புறம் புதுசப் போடுங்கய்யா" என்றார். "ஆகட்டும்" என்றேன். புதியதைப் போட்டேன், பழையதை எடுக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பூசையறையில் விளக்கை மாற்ற நேர்ந்தால், புதிய விளக்கைப் பழையதன் சுடரிலிருந்து ஏற்றிய பிறகே பழையதைக் குளிரவைப்போம். நடுவில் ஒரு கணமும் இருள் கூடாது. அப்படிப் பழகிய கைக்கு, 'இதை நீக்கிவிடலாமா?' என்று கணினி கேட்டபோது ஆம் என்று அழுத்த வரவில்லை. நீக்கிய பின் புதியது வந்து அமரும்வரை திரையில் யார் இருப்பார்கள்? ஆகவே பழையதன் மேலேயே புதியதை எழுந்தருளச் செய்தேன். ஒத்திகையில் திரை மீண்டும் கறுத்தது. அதற்கும் மேலே இன்னொன்றை எழுந்தருளச் செய்தேன். இப்போது இரண்டாம் பாடலிலேயே கறுத்தது.

வெள்ளிக்கிழமை மீண்டும் அழைத்தேன். அந்தப் பெண்மணி கேட்டுக்கொண்டபடி உள்ளே இருப்பவற்றின் பட்டியலைப் படித்துக் காட்டினேன்.

"ஐயா, இன்னாய்யா இது? மூணு கீதே உள்ள! மூணு பேர் ஒரே மைக்கப் புடிச்சு இழுத்தா பாட்டு எப்டி வரும்? பழசை எடுங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

விளக்கின் முறைமையை விளக்கினேன்.

"வூட்ல அம்மா இருந்தா போனக் குடுங்க."

கொடுத்தேன். என் மனைவி கேட்டாள், சிரித்தாள், என் பக்கம் திரும்பினாள்.

"படவேட்டுல கோயில் வேல நடந்தப்போ சாமிய வெளிய கொட்டாயில கொண்டாந்து வெக்கல? கருவற காலியாத்தானே கெடந்துது? இன்னா, வானம் இடிஞ்சா வுழுந்துது?"

பாலாலயம்! திருப்பணி முடியும்வரை இறைவனைச் சிறு கொட்டகையில் எழுந்தருளச் செய்து வழிபடும் முறை. ஐம்பது ஆண்டுகள் பதிகம் ஓதிய எனக்குத் தோன்றாதது சாமை முறத்தின் அருகிலிருந்து வந்தது. "கரெக்ட்மா! கொட்டாயி உள்ளயே கீது, அதுவா வந்து நிக்கும்" என்று கைப்பேசி கூவியது. டிரைவர் ஏதும் இல்லாவிடில் கணினி தன்னிடமுள்ள எளிய காட்சி முறையைக் கொண்டு சமாளித்துக்கொள்ளும் என்பது அதன் பொருள். கணினி தானாகவே மறுபடியும் டிரைவரை இறக்கிக்கொள்ளாதபடி தடுக்கும் வழியையும் சொல்லித்தந்தார்.

சனிக்கிழமை காலை நீராடி, நீறணிந்து, மூன்றையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன். திரை ஒருகணம் இருண்டு திரும்பியது. எழுத்துகள் பலாக்கொட்டை அளவுக்குப் பருத்திருந்தன. புதியதை இறக்கலாமென்று பார்த்தால், மலையை மேகம் மூடிவிட்டது. ஜன்னலில் இருந்த இணையத்தைக் கொண்டு ஒரு குறுஞ்செய்திகூட அனுப்ப முடியவில்லை. புதியதற்கு வழியில்லாமலே ஞாயிறு விடிந்தது.

மேகம் விலகிக் கூட்டம் கூடியது. அன்பர்கள் அனைவரும் கட்டம் கட்டமாக, வாய் அசைந்து சற்றுப் பொறுத்தே ஒலி வரும்படி அமர்ந்திருந்தார்கள். ஆலங்காயத்து அன்பர் தொண்டையைச் செருமித் தயாராக இருந்ததை நான் கவனியாமல் இல்லை. நான்காம் பாடல் வந்தது. குரலை மேலே கொண்டுபோனேன். அச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இருபது முகங்களும் அப்படியே இருந்தன. பருத்த எழுத்துகளைக் கண்ணாடி இல்லாமலே படித்துப் பத்துப் பாடல்களையும் நிறைவு செய்தேன்.

எல்லோரும் கைகூப்பினர். ஆலங்காயத்தவர் மட்டும் திரையை உற்றுப் பார்த்து, "இன்னைக்கி நீங்க மறையவே இல்லீங்களே" என்றார்.

அவர் குரலில் ஒலித்த ஏமாற்றம், அப்போது ஓதி முடித்த பதிகத்தைவிட எனக்கு இனித்தது. பாடியது இறைவனுக்காகவா, அந்த ஒரு வாக்கியத்துக்காகவா என்று பூசையறையில் அமர்ந்து நேர்மையாகக் கேட்டுப் பார்த்தேன். விடை தெரிந்ததும் தோப்புக்கரணம் போட்டேன். போடும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.