சுரண்டி எடுத்த தோட்டம்

எழுபதுகளின் நடுவில் மூணாறு மலையில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். ஒரே அறை, நாலு வகுப்பு, நான் ஒருவன். பிள்ளைகள் எல்லாம் கொழுந்து கிள்ளுகிறவர்களின் பிள்ளைகள். ஒருநாள் கல்வி ஆபீசிலிருந்து மலையாளத்தில் ஒரு சர்க்குலர் வந்தது. பிள்ளைகள் செடி, பூச்சியெல்லாம் நேரில் பார்த்துப் படிக்கப் பள்ளிதோறும் ஒரு தோட்டம் வேண்டுமாம். எப்படிப் போடுவது என்று ஒரு வரி இல்லை. எழுதியவன் தோட்டம் ஒன்றைப் பார்த்திருப்பானா என்பதே சந்தேகம்.

பள்ளிக்குப் பின்னால் ஓடை வரைக்கும் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. எஸ்டேட் மானேஜரிடம் கேட்டேன். எல்லோருக்கும் அவர் துரை, அவருக்கு நான் மாஷ். "மூணு மாசம் வெச்சுக்கோ. வந்து பார்ப்பேன். தோட்டமா இல்லேன்னா தேயிலை வெச்சிடுவேன்" என்றார்.

சர்க்குலரின் பின்பக்கத்திலேயே படம் போட்டேன். பூப்பாத்தி வேண்டாம் என்று முடிவு செய்தேன். எங்கள் பிள்ளைகளுக்குச் செடி இரண்டே வகை: தேயிலை, களை. அந்தக் களைக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட நினைத்தேன். தவளை முட்டையிட ஒரு குழி வெட்டினேன். பூச்சிகள் குடியிருக்க மக்கிய மரக்கட்டை ஒன்றை உருட்டிப் போட்டேன். புல்லையும் பெரணியையும் தொடவில்லை. ஓரத்தில் ஒரு காஞ்சொறிப் புதர் நின்றது. தொட்டால் கை தடித்துவிடும். ஆனால் அதன் இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே புழுக்கள் இருந்தன. பட்டாம்பூச்சியாகப் போகிற புழுக்கள். சுற்றிலும் கயிறு கட்டி, தூர நின்று பார்க்கச் சொன்னேன். பிள்ளைகள் தினமும் போய்ப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் கயிற்றைத் தாண்டிக் கை வீங்கி வீட்டுக்குப் போனது.

துரை திங்கட்கிழமை வருவதாக ஆளிடம் சொல்லிவிட்டார். செய்தி தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் போய்விட்டது. ஞாயிறு காலையில் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், பள்ளிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள், கையில் களைச் சுரண்டியோடு. புல் இல்லை, பெரணி இல்லை, காஞ்சொறி வேரோடு ஓடையில் போயிருந்தது. மரக்கட்டையை விறகாக உடைத்திருந்தார்கள். குழியை மூடி, ஓரமெல்லாம் கல் அடுக்கிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட்டில் தேயிலை நிரையில் ஒரு புல் நின்றால் கங்காணி ஊர் கேட்கத் திட்டுவான். அந்தத் திட்டு எனக்கு விழக்கூடாது என்று, கிடைத்த ஒரு லீவு நாளில் வந்திருக்கிறார்கள்.

"யார் உங்களைக் கூப்பிட்டது?" என்று கத்தினேன்.

"யாரு கூப்பிடணும்? காடா கெடந்துச்சு சார். தொரை பாத்தா ஒங்களத்தான ஏசுவாரு?"

"அது காடு இல்லை. அதுதான் தோட்டம்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கை வீங்கிய பிள்ளையின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. சுரண்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "நாங்க பொழுதன்னைக்கும் இதைத்தான புடுங்குறோம். இதைப் பாக்கவா புள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனோம்? இதைத்தான் படிக்கணும்னா எங்கூட மலைக்கு வரட்டும், நானே சொல்லிக் குடுக்குறேன்."

"அதில்லைம்மா..." என்று ஆரம்பித்தேன். அவள் சொன்னதும் சரியாகத்தான் பட்டது, நான் செய்ததும் சரியாகத்தான் பட்டது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

"டீத்தண்ணி குடிங்க சார்" என்று ஒருத்தி டம்ளரை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்வது?

திங்கட்கிழமை துரை ஜீப்பில் வந்தார். வெறும் மண்ணையும் வெள்ளைக் கல்லையும் பார்த்து முகம் மலர்ந்துவிட்டார். "பலே மாஷே! இவ்வளவு சுத்தமா ஒரு எடம் என் டிவிஷன்லயே கிடையாது. எடம் இனி பள்ளிக்கூடத்துக்குத்தான். மாசாமாசம் வருவேன், ஒரு புல் தெரியக்கூடாது."

நிஜத்தைச் சொன்னால் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த இடத்தில் எதுவும் முளைக்கக்கூடாது. "சரிங்க" என்றேன்.

ஜீப் போனதும் பிள்ளைகள் ஓடி வந்து கல்லைச் சுற்றி நின்றார்கள். "சார், இப்ப எதைப் பாக்கணும்?" என்று கேட்டாள் மூணாம் வகுப்புப் பெண்.

"உள்ளே போய்க் கணக்கு நோட்டை எடுங்க" என்று கத்தினேன். பிள்ளைகள் பயந்து ஓடிவிட்டார்கள். யார்மேல் கோபப்பட்டேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.