ஏழு புட்டி வினிகரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும்

1998
பிப்ரவரி 11 — வெள்ளை வினிகர் — 38.00
பிப்ரவரி 19 — ஆப்பிள் வினிகர் — 145.00
பிப்ரவரி 19 — அரிசி வினிகர் — 120.00
மார்ச் 2 — சிவப்புத் திராட்சை வினிகர் — 210.00
மார்ச் 6 — தேங்காய் வினிகர் — 95.00
மார்ச் 17 — மால்ட் வினிகர் — 130.00
மார்ச் 28 — கருப்பு வினிகர் — 265.00
ஏப்ரல் 4 — எவர்சில்வர் சட்டி — 480.00
மொத்தம் — 1,483.00

என் மனைவியின் தம்பி இரண்டாம் கல்யாணம் செய்துகொள்வதற்காக ஐம்பத்து மூன்று நாட்களில் செய்த செலவு இது. நகை, துணி, மண்டபம் எதுவும் இதில் கிடையாது. பெண் பார்க்கப் போன வண்டி வாடகைகூடக் கிடையாது. பெண்தான் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தார். மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் சாப்பாட்டு வேளையில்.

மைத்துனர் கண்ணாடி வேலைக்காரர். ஜன்னல், அலமாரி, கடை முகப்பு என்று எதற்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துவார். 1957இல், பதினாறாம் வயதில் தொழிலுக்கு வந்தவர். தெருவில் அவருக்குக் ‘கண்ணாடி’ என்றே பெயர். கைகளில் பதினொரு வெட்டுத் தழும்பு உண்டு. எது எந்த வீட்டு ஜன்னலில் வாங்கியது என்று கேட்டால் சொல்லுவார். பொருத்தி முடித்ததும் வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து தெளித்து, பழைய செய்தித்தாளால் துடைத்துப் பளபளப்பாக்குவது அவர் வழக்கம். ஐந்து லிட்டர் கேன் ஒன்று எப்போதும் அவரோடு போகும், வரும். நாற்பத்தொரு வருடத்தில் அந்த வாடை தோலில் ஊறிவிட்டது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தங்கள் பையில் ஊறுகாய் ஜாடி உடைந்துவிட்டதோ என்று கையை விட்டுத் துழாவுவார்கள். அந்த வாடை தெரியாத ஒரே ஆள் மைத்துனர்தான். அவர் மூக்குக்கு வெள்ளை வினிகரும் பச்சைத் தண்ணீரும் ஒன்று.

முதல் மனைவி 1992இல் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அதன் பிறகு எங்கள் வீட்டு மாடிப் பகுதிக்குக் குடிவந்தார். மூன்று வேளையும் எங்களிடம் சாப்பாடு. சாப்பிடும்போது பேசமாட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “வரேன்க்கா” என்று படியேறிவிடுவார். ஆறு வருடம் அவர் எங்களிடம் பேசிய பேச்சில் பெரும்பகுதி அந்த ஒரு சொல்தான்.

1998 ஜனவரியில், காற்றில் அடித்துக்கொண்டு பல் ஆஸ்பத்திரி ஜன்னல் ஒன்று உடைந்தது. மைத்துனர் போய் அளவெடுத்தார், அறுத்துக்கொண்டு போனார், கண்ணாடி அரை அங்குலம் சிறிதாக இருந்தது. மறுபடி அறுத்தார், கால் அங்குலம் பெரிதாகிவிட்டது. நாற்பத்தொரு வருடத்தில் அவருக்கு அளவு தப்பியது இரண்டே தடவை. இரண்டும் அந்த ஜன்னலுக்குத்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளராக ஒரு அம்மா இருந்தார். வயது ஐம்பத்துநான்கு, கணவர் இறந்து மூன்று வருடம். மூன்றாவது தடவை மைத்துனர் கண்ணாடியோடு போனபோது அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாராம்.

“ஒரு ஜன்னலுக்கு மூணு நடையா? உங்களுக்கு அளவெடுக்கத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

“தெரிஞ்சுதான் தப்பா எடுத்தேன்.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில், உள்ளேயிருந்து டாக்டர், “ஊசி போட்டுக்கிட்டிருக்கேன், யாரு அங்க சிரிக்கறது?” என்று கத்தினார்.

மைத்துனர் சுற்றி வளைக்கவில்லை. என்னைக் கட்டிக்கறீங்களா என்று அன்றே கேட்டுவிட்டார். அந்த அம்மாவும் சுற்றி வளைக்கவில்லை.

“முப்பத்தோரு வருஷம் அடுப்புல வெந்தாச்சு. இனிமே யாருக்கும் ஆக்கிப் போட என்னால ஆகாது. நீங்க சமைப்பீங்களா?”

“பிரமாதமா சமைப்பேன்.”

அன்றைய தேதியில் அவருக்குத் தெரிந்த சமையல் வெந்நீர்.

“அப்ப மூணு ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுப் பாக்கறேன். டாக்டர் வெளியூர்ல புது ஆஸ்பத்திரி திறக்கறாரு, ஏப்ரல்ல என்னை அங்க அனுப்பறாரு. போனா போனதுதான், திரும்ப மாட்டேன். அதுக்குள்ள பாத்துக்கலாம்.”

விஷயம் தெரிந்ததும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“வெந்நீர் வைக்கவே அடுப்பு முன்னால காவல் நிக்கிறவன்டா நீ! ஏண்டா வாய் கூசாம புளுகின?”

“கத்துக்கறேன்க்கா. எனக்குத் தெரிஞ்ச சாமான் ஒண்ணு இருக்கில்ல, அதை வச்சே ஆரம்பிக்கறேன்.”

“எது, அந்தக் கேனா? அது ஜன்னலுக்குடா!”

“வயிறும் உள்ளுக்குள்ள பளபளன்னு இருக்கட்டுமே.”

கேனைத் தொடக்கூடாது, சமையலுக்கென்று விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்று அவள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கேன் வாங்கும் மொத்த விலைக் கடையிலேயே சாப்பாட்டு வினிகர் தனி வரிசையில் இருந்தது. வெள்ளையில் தொடங்கியவர், மற்ற நிறங்களைப் பார்த்ததும் நிறுத்த முடியாமல் போனார்.

முதல் ஞாயிறு, மார்ச் 8. காய்ந்த மொச்சையை அடுப்பில் ஏற்றும்போதே ஒரு கிண்ணம் ஆப்பிள் வினிகரையும் ஊற்றினார். சுவை நன்றாக இறங்கட்டும் என்பது அவர் எண்ணம். காலை 8.10க்கு வைத்த மொச்சை 12.55க்கும் வைத்தபடியே இருந்தது. நான்கே முக்கால் மணி நேரம். அந்த அம்மா ஒன்றை எடுத்துத் தட்டில் தட்டிப் பார்த்தார். டக்கென்று கேட்டது.

“இதைக் கடிச்சா, நாளைக்கு டாக்டர்கிட்ட எனக்கே நான் டோக்கன் போடணும்.”

பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் வெங்காயம் இருந்தது. மெல்லிய வளையங்களாக அரிந்து, அரிசி வினிகரில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்தது. அதை ரொட்டியில் வைத்துத் தின்றார். இன்னொரு துண்டு ரொட்டி கேட்டார்.

“இந்த வெங்காயம் யாரு பண்ணினது?”

“நாந்தான்.”

“மொச்சை?”

“அதுவும் நாந்தான்.”

“ரெண்டும் ஒரே கையா? நம்பவே முடியல.”

அவர் போனதும் என் மனைவி தம்பியின் காதைத் திருகாத குறை. “புளிப்பை முதல்லயே ஊத்தினா பருப்பு, மொச்சை எதுவும் வேகாதுடா. வெந்ததுக்கு அப்புறம்தான் ஊத்தணும்.” மைத்துனர் கண்ணாடியில் கோடு போடும் பென்சிலை எடுத்து, சமையலறை ஜன்னலிலேயே எழுதிவைத்தார்: ‘முதலில் வேகட்டும்.’

அடுத்த பன்னிரண்டு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. நான் நீரேற்று நிலையத்தில் நீர்மட்டம் எழுதிப் பழகியவன். அவர் செய்து பார்த்ததையெல்லாம் எழுதினேன். மொத்தம் நாற்பத்தாறு சோதனை. முட்டைக்கோஸுக்கு அரிசி வினிகர் பொருந்தியது, மீனுக்குத் தேங்காய் வினிகர். சிவப்புத் திராட்சை பீட்ரூட்டோடு ஒட்டிக்கொண்டது. அதையே பாலில் ஊற்றியபோது பால் திரிந்துபோனது. பொரித்த உருளைக்கிழங்கின் மேல் மால்ட் வினிகரை இரண்டு சொட்டு விட்டால் போதும். மைத்துனர் இருபது சொட்டு விட்டார், கிழங்கு சொதசொதவென்று போனது. என் மனைவியின் அலுமினியச் சட்டியில் வினிகரைக் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து உட்புறம் கறுத்து, எது சமைத்தாலும் சாவியை நக்கியது போல் ஒரு சுவை வந்தது. மேலே கண்ட கணக்கில் கடைசி வரி அதற்கான அபராதம்.

இரண்டாவது ஞாயிறு நடந்ததற்கு நான்தான் காரணம். சமையலறை நீராவியில் புட்டிகளின் லேபிள்கள் உரிந்து தொங்கின. மார்ச் 20ஆம் தேதி நான் எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறவைத்துச் சுத்தமாக எடுத்துவிட்டு, ஒரே அளவு வெள்ளைக் காகிதத்தில் 1, 2, 3 என்று எண் எழுதி ஒட்டினேன். வாங்கிய தேதி வரிசை. எந்த எண் எது என்ற விவரம் என் நோட்டில். இதைவிடத் தெளிவாக ஒருவன் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன்.

கண்ணாடிக் கடையில் எண் என்றால் தடிமன். இரண்டு என்றால் மெல்லியது, ஆறு என்றால் கனமானது. மைத்துனர் நாற்பத்தொரு வருடமாக அறிந்த எண் அது ஒன்றே.

மார்ச் 22 அன்று நானும் மனைவியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். வெள்ளரிக்காயையும் முட்டைக்கோஸையும் மெல்லிய வினிகரில் புரட்டச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மெல்லியது என்றால் 1 என்று மைத்துனர் அதை எடுத்தார். இருப்பதிலேயே காட்டமான வெள்ளை. முகர்ந்தும் பார்த்தாராம், அவர் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. ‘ரொம்ப சாதுவா இருக்கே’ என்று ஒரு முழுக் கிண்ணம் ஊற்றிவிட்டார்.

ஒரு வாய் வைத்ததும் அந்த அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

“இத்தனை வருஷமா வர்றவங்களையெல்லாம் வாயைத் திறங்கன்னு சொன்னேன். இன்னைக்குத்தான் மூட முடியாம உக்காந்திருக்கேன்.”

வாசல்படியில் செருப்பு மாட்டும்போது, “இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமைதான். அதுக்கு மேல பல்லு தாங்காது” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நான் நோட்டில் ‘தவறு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மைத்துனரிடமும் சொன்னேன்.

“விடுங்க மாமா,” என்றார். பிறகு 1ஆம் எண் புட்டியை மூடி அலமாரியில் வைத்தார். “அவங்க பேசிக்கிட்டே சாப்பிடறாங்க மாமா. எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தா எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம் போல இருக்கு.” ஆறு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது.

மூன்றாவது ஞாயிறு, ஏப்ரல் 5. கோழி, பூண்டு, இறக்கும்போது கருப்பு வினிகர் ஒரு கரண்டி. இந்தத் தடவை புட்டிகளில் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் எழுதியிருந்தேன். பயத்தில் மைத்துனர் வியாழக்கிழமையே நாற்பது பல் பூண்டை உரித்து ஆப்பிள் வினிகரில் ஊறப்போட்டிருந்தார். ஞாயிறு காலை மூடியைத் திறந்தால், பூண்டு அத்தனையும் நீலம். பள்ளிக்கூட மையில் முக்கி எடுத்தது போல் பச்சை கலந்த நீலம்.

“ஐயோ, விஷம்டா! கொட்டு அதை!” என்று என் மனைவி அலறினாள்.

கொட்ட மைத்துனருக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்த பூண்டு அத்தனையும் அதில் போய்விட்டது, வேறு வாங்கலாம் என்றால் எங்கள் தெருக் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. பூண்டில்லாமல் செய்ய அவருக்குத் தெரியாது. பழகியது ஒரே முறை. அப்படியே போட்டுச் சமைத்தார். கோழி வெந்து மணத்தது. பூண்டு மட்டும் நீலமாகவே கிடந்தது. 12.30க்கு அழைப்பு மணி அடித்தது.

தட்டைப் பார்த்த அந்த அம்மா நிமிர்ந்து மைத்துனரைப் பார்த்தார்.

“இது என்னது?”

“பூண்டு. வினிகர்ல ஊறினதும் இப்படி ஆயிடுச்சு. ஏன்னு தெரியல.” கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். “உங்ககிட்ட ஒரு உண்மை சொல்லணும். நான் பிரமாதமா சமைப்பேன்னு சொன்னது பொய். பிப்ரவரி வரைக்கும் எனக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும்.”

“அதை மொச்சையே சொல்லிடுச்சு,” என்றார் அந்த அம்மா. “நீங்க இதைச் சாப்பிட்டுப் பாத்தீங்களா?”

மைத்துனர் நின்றபடியே ஒரு பல் எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. பதினொரு பல் தின்றார். என் மனைவி கதவோரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினேன்: எழுபத்தெட்டு.

“ஆ காட்டுங்க,” என்றார் அந்த அம்மா.

காட்டினார். அந்த அம்மா ஜன்னல் வெளிச்சத்துக்கு அவர் முகத்தைத் திருப்பி, மேல் வரிசை, கீழ் வரிசை, நாக்கு எல்லாம் பார்த்தார்.

“சாயம் ஒட்டல. கீழ கடைவாய்ல ஒரு சொத்தை இருக்கு. எப்பலேர்ந்து வலிக்குது?”

“ரெண்டு வருஷமா.”

“பல் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு மூணு தடவை வந்தீங்க. ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொன்னீங்களா?”

நாற்பது நிமிடம் எல்லோரும் காத்திருந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடி பார்த்தேன். அந்த அம்மா அவர் கன்னத்தைத் தொட்டபோது மட்டும் தொண்ணூற்றாறு, மற்றபடி ஒழுங்கு. அதன் பிறகு அந்த அம்மா தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். பேசாமல் சாப்பிட்டார். இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். ரொட்டியால் தட்டை வழித்தார். மைத்துனர் எதிரில் உட்கார்ந்து, பரீட்சை முடிவு ஒட்டப்படும் பலகையைப் பார்ப்பது போல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடுதாசி போடறேன்,” என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான். 11ஆம் தேதி சனிக்கிழமை ரயிலில் வெளியூர் போய்விட்டார். அதற்கு முந்தைய நாள் மைத்துனரின் சொத்தைப் பல்லைப் பிடுங்கவைத்துவிட்டுத்தான் போனார்.

மைத்துனர் மறுபடி “வரேன்க்கா” அளவுக்குச் சுருங்கிவிட்டார். ஆனால் தினமும் மாடியில் அவரே சமைத்தார். எங்களுக்கும் ஒரு கிண்ணம் கீழே வரும்.

ஏப்ரல் 24இல் முதல் கடிதம் வந்தது. விடுதிச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது, அந்த வெங்காயத்துக்கு எவ்வளவு வினிகர், எவ்வளவு சர்க்கரை என்று கேட்டிருந்தார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மைத்துனர் அளவுகளை எழுதி அனுப்பினார். மே 16இல் இரண்டாவது கடிதம்: ‘நான் ஊறப்போட்ட பூண்டு வெள்ளையாகவே இருக்கிறது. என்ன தப்புச் செய்தேன்?’ அதிலும் கல்யாணம் இல்லை.

“அவ சமையல்காரனைத்தான்டா தேடியிருக்கா, புருஷனை இல்ல,” என்றாள் என் மனைவி.

“அப்படித்தான்க்கா முதல்லயே சொன்னாங்க,” என்றார் மைத்துனர்.

மூன்றாவது கடிதம் அரைப் பக்கம். இம்மாதம் முப்பதோடு வேலையை விடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது. வந்து சேர ஒரே நிபந்தனை: புளிப்பு சாப்பிட்டதும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும், அரை மணி நேரம் போன பிறகுதான் பல் விளக்க வேண்டும், உடனே விளக்கினால் பல் தேயும். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும், நாடி பார்க்கிறவர் உட்பட.

மைத்துனர் அதை நின்றபடி ஒரு தடவையும், உட்கார்ந்து ஒரு தடவையும் படித்தார். பிறகு என் கையில் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய், சாப்பிடாமலே வாய் கொப்பளித்தார்.

ஜூலை 1 அன்று அந்த அம்மா இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு கடிதத்துக்கு வேலையில்லை. கடைசிக் கடிதம் வந்த தேதி: 1998 ஜூன் 11, வியாழக்கிழமை, காலை 10.40.