ஊர்க் குட்டை

சேலத்திலிருந்து வந்த சேவா சங்கத்தார் எல்லோரும் கதர் கட்டியிருந்தார்கள். கையில் புது மண்வெட்டி வேறு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குட்டை தூர்ந்து மேடாகி, ஆடு மேயும் பொட்டலாகக் கிடந்த கோடை அது. தூர் வாரத் தொண்டர்கள் வேண்டும், கொடையாளிகள் வேண்டும் என்று புளியமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். வளவுக்காரர்களான நாங்கள் வழக்கம்போல வெயிலில் தள்ளி நின்று கேட்டோம்.

வளவு என்பது தோல் வேலை செய்யும் எங்கள் சாதிக்கு ஊருக்கு வெளியே ஒதுக்கிய குடிசை வரிசை. நாங்கள் தைத்துக் கொடுத்த, தண்ணீர் இறைக்கும் தோல் சால் பண்ணையத்துக் கிணறுகளில் பொழுதுக்கும் முங்கி எழும். எங்கள் குடம் மட்டும் முங்கக் கூடாது. என் மனைவி தூரத்து ஓடையில் ஊத்துத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு தண்ணீர் கொண்டு வருவாள். அப்போது அவள் வயிற்றில் எங்கள் தலைச்சன் பிள்ளை.

சங்கச் செயலாளர் ஒரு வக்கீல், இனிக்க இனிக்கப் பேசுவார். இது ஊர்க் குட்டை, ஊரே சேர்ந்து வெட்ட வேண்டும், ஊரே மொண்டு குடிக்க வேண்டும் என்றார். என் மனைவிக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஏனுங்க சாமி, ஊருங்கறீங்களே, அதுல எங்க வளவும் சேர்த்திங்களா?"

"ஊர்னா எல்லாரும்தாம்மா" என்றார் அவர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர்தான் பெரிய கொடையாளி. அவர் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தார். அந்தச் சும்மாவின் அர்த்தம் எனக்கு அப்போது பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தாலும் வெட்டத்தான் போயிருப்போம், தாகம் அப்படி.

பட்டணத்துப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கையில் கொப்புளம் வந்தும் பாட்டுப் பாடிக்கொண்டே மண் சுமந்தார்கள். கொப்புளம் உடைந்ததும் ஒவ்வொருவராகச் சங்ககிரியில் ரயிலேறிவிட்டார்கள். மிச்சக் குட்டையை வெட்டியது வளவு. பண்ணைக்காரர் எங்களுக்குக் கம்பங்கூழ் ஊற்றினார். நாங்கள் அள்ளிப் போட்ட வண்டலை வண்டி வண்டியாகத் தன் காட்டு நிலத்துக்கு எருவாக ஓட்டிக்கொண்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கொடைதான் இது. சங்கத்துக் கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டார்கள்.

ஐப்பசியில் மழை கொட்டிக் குட்டை நிறைந்தது. கரையில் கல் நட்டார்கள். 'ஊர்ப் பொதுக் குட்டை' என்று மேலே, பண்ணைக்காரர் பெயர் கீழே. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துக் கற்றவன் நான். வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வளவே சந்தோஷப்பட்டது.

மறுநாள் காலையில் நிறைமாத வயிற்றோடு என் மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். படியில் கால் வைக்கும் முன்பே பண்ணைக்காரர் வந்துவிட்டார். அவர் கோபப்படக்கூட இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"ஏண்டா, படிச்சவன்தானே நீ? கல்லுல என்ன போட்டிருக்குது? ஊருன்னு. வளவுன்னா போட்டிருக்குது?"

அவர் ஆட்கள் சுற்றி நின்றார்கள். நாங்கள் திரும்பினோம். அவள் வீட்டுக்கு வரவில்லை, நேரே ஓடைக்குப் போனாள். உலை வைக்கத் தண்ணீர் வேண்டுமே. மழையில் ஓடைச் சரிவு வழுக்கியது. நிறைகுடத்தோடு ஏறும்போது விழுந்தாள். அன்று சாயங்காலம் பிறந்த பெண் குழந்தைக்கு மூச்சில்லை.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு நான் சேலம் போய்ச் செயலாளரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் கலங்கினார். அது நடிப்பில்லை. ஆனால் கொடையாளியைப் பகைத்துக்கொண்டால் நாளை எந்தக் குட்டைக்கும் எவரும் கொடுக்க மாட்டார்கள், எல்லாம் போகப் போக மாறும், பொறுத்துக்கொள் என்றார். பிறகு, நாமக்கல் பக்கத்தில் இன்னொரு ஊர்க் குட்டையைத் தூர் வாரப் போவதாகவும், வேலை தெரிந்தவன் என்பதால் நான் முன்னால் நின்று நடத்தித் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

"அங்கயும் வளவு இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"பெரிய வளவுப்பா. அவங்களை நம்பித்தான் வேலையே எடுத்திருக்கோம்" என்றார்.