தண்ணீர் தெளித்த கொட்டகை

எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை ஒன்றில் ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றிக் கட்டும் வேலை எனக்கு. என் வீட்டுக்காரருக்குக் கல் அரைக்கும் கொட்டகையில் வேலை. சாயங்காலம் அவர் வெளியே வரும்போது இமை மயிரெல்லாம் வெளுத்திருக்கும். கல்யாணமான புதிதில், "கெழவனப் போயி கட்டிக்கிட்டேனே" என்று கேலி செய்வேன். பிறகு அவருக்கு இருமல் வந்தது. நானும் கேலியை விட்டுவிட்டேன்.

இனிமேல் தூசியில் வேலை செய்யக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொல்வது சுலபம். வேறு வேலை யார் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்?

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து கல்லூரிக்காரர்கள் சிலர் எங்கள் ஆலையோடு சேர்ந்து, காற்றிலுள்ள தூசியைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி, அதற்குள் ஒரு விளக்கு. தூசி கூடினால் வெளிச்சம் மங்கும், மேலே இருக்கும் முள் நகரும். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டால், தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் பெரிய விசிறி போட்டுத் தருவதாக மேனேஜர் ஒத்துக்கொண்டிருந்தார். நான் வேண்டாத சாமியில்லை. அந்த முள் கோட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

கருவி வந்த அன்று சாப்பாட்டு வேளையில் கொட்டகைக்கு ஓடினேன். தரையெல்லாம் ஈரம். மூலையில் எப்போதும் குவிந்து கிடக்கும் கல்மாவைக் கூட்டி அள்ளியிருந்தார்கள். அரைக்கப் போடும் கல்லைக்கூட நனைத்திருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. விருந்தாளி வருகிற வீட்டில் செய்வதுபோல் கொட்டகை ஆட்கள் தாங்களாகவே செய்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் துவைத்த சட்டையோடு, கையில் வாளியோடு நின்றார். துண்டை வாயில் அழுத்தி இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். படித்தவர்கள் முன்னால் இருமக் கூடாதாம்.

முள் சிவப்புக் கோட்டுப் பக்கமே போகவில்லை.

நேரே, கருவியோடு வந்திருந்த கல்லூரி வாத்தியாரிடம் போனேன். "சார், நீங்க வரீங்கன்னு தண்ணி தெளிச்சிருக்காங்க. இன்னொரு நாளு சொல்லாம கொள்ளாம வாங்க."

அவர் முகம் வாடிவிட்டது. மறுபடி வந்து பார்க்கிறோம் என்றார். பக்கத்திலிருந்த மேனேஜர், "அதான் பாத்தாச்சே" என்று சிரித்தார். கருவியைக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். அது திரும்பி வரவேயில்லை. விசிறியும் வரவில்லை.

அன்றைக்கு வீட்டில் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். "ஒங்க உசுருக்கு நீங்களே தண்ணி தெளிச்சிட்டு வந்து நிக்கிறீங்களே!"

"ஊரு வுட்டு ஊரு வந்தவங்க புள்ள. அவங்களக் குப்பையிலயா நிக்க வெக்கிறது?" இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த நல்ல குணத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனதும், வழக்கப்படி வீட்டைக் கழுவிவிடத் தெருப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். கதவோரம் ஆணியில் அவருடைய வேலைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, தரையில், வெள்ளையாகக் கல்மாவு உதிர்ந்து கிடந்தது. நான் குடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊத்தாதீங்க. இந்த வூட்டுலயாவது அது கெடக்கட்டும். வர்றவங்க பாக்கட்டும்."