கல்லு தூக்கினவங்க பேரு

கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைச்சா ஒரு பச்சை வாசனை வரும்... கையில ஏறிடுச்சுன்னா ரெண்டு நாளைக்குப் போகாது. சோறு துன்னும்போது கூட அதே வாசனைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க ஸ்கூல் போர்டுக்கு நாங்கதான் அதைப் பூசுவோம். ஆந்திராவுல குடிபாலா பக்கத்துல, வேலூர் பார்டரை ஒட்டின ஊரு. ஒரே ஹால், ஒரே போர்டு. நடுவுல சாக்பீஸ்ல ஒரு கோடு. இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு. பூசி முடிக்கறதுக்குள்ள மூஞ்சி எல்லாம் கரி. எங்க தமிழ் டீச்சர் பாத்துட்டு, "போர்டுக்குப் பூசினீங்களா, உங்களுக்குப் பூசிக்கினீங்களா?"ன்னு கேப்பாங்க.

அந்த ஹாலை கவர்மெண்ட் கட்டல. எங்க தெரு ஆளுங்க கட்டினது.

அப்போ யாருக்கும் சொந்தமா ஒரு துண்டு நிலம் கிடையாது, எல்லாரும் கூலி. தமிழ்ல ஒரு ஸ்கூல் வேணும்னு கைநாட்டு வச்சு மனு குடுத்தாங்க. டீச்சரைப் போட்டாங்க, கட்டடம் மட்டும் வரல. கூலிக்குப் போய்ட்டு வந்து, சாயங்காலத்துல இவங்களே கல்லு தூக்கி செவுரு எழுப்பினாங்களாம். எங்கப்பாவும் அதுல ஒருத்தர். நைனான்னுதான் கூப்பிடுவோம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அதனால ஆகஸ்ட் பதினஞ்சு ப்ரோக்ராம்ல எங்க ஸ்கூல்ல மட்டும் ஒரு வழக்கம் உண்டு...

கொடி ஏத்தி, டான்ஸ், டிராமா எல்லாம் முடிஞ்சு, மிட்டாய் குடுக்கறதுக்கு முன்னாடி, தமிழ் செக்‌ஷன் அஞ்சாங்கிளாஸ் புள்ள ஒண்ணு மைக் முன்னாடி வந்து நிக்கும். கல்லு தூக்கினவங்க பேரை எல்லாம் அட்டெண்டன்ஸ் மாதிரி வாசிக்கும். பேரு வந்தவங்க பின்னாடி நின்னுக்கினே "உள்ளேன் ஐயா"ன்னு சொல்லணும். செத்துப் போனவங்க பேரு வந்தா அந்த வீட்டுப் புள்ள யாராவது எழுந்து பதில் சொல்லும்.

நான் அஞ்சாவது படிச்ச வருஷம் நான்தான் வாசிச்சேன். நைனா பேரு வந்தப்போ தோள்ல இருந்த துண்டை எடுத்துக் கையில வச்சுக்கினு, "உள்ளேன் ஐயா"ன்னாரு. பெத்த பொண்ணைப் போய் ஐயாங்கறாரேன்னு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வீடு போய்ச் சேர்ற வரைக்கும், "எம்பேரு எந்த இடத்துல எழுதிக்கிது, காட்டு"ன்னு கேட்டுக்கினே வந்தாரு.

அப்புறம் நான் படிச்சு, கல்யாணம் ஆகி, திருப்பதில செல்ஃபோன் கம்பெனி வேலைக்குப் போனேன். ஊருக்கு வர்றது வாரத்துக்கு ஒருக்காதான். பொண்ணு நைனா வீட்லயே வளந்தா. அவளுக்கு அஞ்சு வயசு ஆன வருஷம், ஸ்கூல் திறக்கற நேரம் பாத்து அதே டீச்சர் நோட்டை எடுத்துக்கினு வீடு வீடா வந்தாங்க. தலை முழுக்க நரைச்சுப் போச்சு.

"பசங்க பத்தலம்மா. உம்பொண்ணு பேரை எழுதிக்கறேன். நீ சேத்தா உன்னைப் பாத்து இன்னும் நாலு பேரு சேப்பாங்க. இல்லன்னா தமிழ் செக்‌ஷனை எடுத்துடுவாங்க."

"சித்தூர்ல இங்கிலீஷ் மீடியத்துல சீட் போட்டுட்டேன் டீச்சர். வேன் தெருமுனைக்கே வருது..."

பொய். அன்னிக்கு வரைக்கும் நான் எந்த சீட்டும் போடல. மறுநாள் பஸ் புடிச்சு ஓடிப் போய்ப் போட்டேன். கம்பெனில சூப்பர்வைசர் இங்கிலீஷ்ல கேக்கும்போதெல்லாம் முழிச்சுக்கினு நின்னவ நான். எம்பொண்ணுக்கு அந்த நிலைமை வேணாம்னு நினைச்சேன். நைனா பக்கத்துலயே உக்காந்துக்கினு எல்லாத்தையும் கேட்டாரு.

அதுக்கப்புறம் தமிழுக்குப் புதுசா யாரும் சேரல. இருந்த புள்ளங்க ஒவ்வொண்ணா அஞ்சாவது முடிச்சுக்கினு போச்சுங்க. கடைசிப் புள்ளயோட செக்‌ஷனும் முடிஞ்சுது. டீச்சர் ரிட்டயர் ஆகிட்டாங்க.

போன வருஷம் ஆகஸ்ட் பதினஞ்சுக்கு நைனா விடல. "பேரு வாசிப்பாங்க, வாங்க"ன்னு எங்களை இட்டுக்கினு போனாரு. இருந்த ஒரே சார் தெலுங்குக்காரர், நல்ல மனுஷன். பீரோவுல இருந்து அந்தப் பேப்பரைத் தேடி எடுத்தாரு. ஆனா அவருக்குத் தமிழ் படிக்க வராது. நைனா அதை வாங்கி நேரா எம்பொண்ணு கையில குடுத்தாரு. அவளும் அப்போ அஞ்சாங்கிளாஸ்தானே.

குடுத்துட்டு பின்னாடி போய், துண்டை எடுத்துக் கையில வச்சுக்கினு ரெடியா நின்னாரு.

அவ பேப்பரை அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்தா. "அம்மா... எனக்கு இது ரீட் பண்ண வராதே!" மைக் ஆன்லயே இருந்துச்சு.

"பர்வாலேது, கூர்ச்சோம்மா"ன்னு சார் அவளைத் தட்டிக் குடுத்து உக்கார வச்சுட்டு, மிட்டாய் டப்பாவைத் திறந்தாரு.

நான் போய் வாசிச்சிருக்கலாம். அந்தப் பேரெல்லாம் எனக்கு மனப்பாடமே தெரியும். போகல... வெக்கமா இருந்துச்சு. ஊரே என்னைப் பாக்கற மாதிரி இருந்துச்சு. நைனா துண்டை மறுபடியும் தோள்ல போட்டுக்கினு, வந்து பேத்தி கையைப் புடிச்சுக்கினாரு. "அது இன்னா பண்ணும், பாவம். உடு"ன்னாரு. நாலு வார்த்தை திட்டியிருந்தா கூட தேவலாம்னு இருந்துச்சு எனக்கு.

இந்த மாங்கா சீசன்ல நைனா போய்ட்டாரு. ஜூன்ல ஸ்கூலையும் பக்கத்து ஊரு ஸ்கூலோட சேத்துட்டாங்க.

இந்த ஆகஸ்ட் பதினஞ்சுக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். கேட்டுல பூட்டு. சந்துல சுத்திப் போய் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். போர்டு கரியே இல்லாம வெளுத்துப் போயிருக்குது. கையை மோந்து பாத்துக்கினேன், கிறுக்கச்சி மாதிரி... ஒரு வாசனையும் இல்ல.

அப்பல்லாம் செத்தவங்க பேருக்கு அந்த வீட்டுப் புள்ள எழுந்து பதில் சொல்லும். இப்போ நைனா பேருக்கு "உள்ளேன் ஐயா" சொல்ல நான் வந்து நின்னுக்கினு இருக்கேன்...

பேரை வாசிக்கத்தான் ஒரு புள்ள இல்ல.