அந்த பங்க்கின் டேங்க் எந்தப் பக்கம்?

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். காலைவரை பொறுக்க முடியவில்லை.

கணபதி ஏரியாவில் நாங்கள் குடிவந்து இரண்டு மாதம். போர்வெல் தண்ணீரில் மண்ணெண்ணெய் மாதிரி வாடை. பாப்பாவுக்கு முதுகெல்லாம் சிவந்து தடித்திருக்கிறது. வீட்டுக்காரரைக் கேட்டால், "புது பைப்பு வாசமுங்க, போகப்போகச் செரியாயிரும்" என்கிறார்.

இன்று நம் பழைய படங்கள் குழுவில் ஒரு படம் வந்ததே, பெட்ரோல் பங்க்கில் கார் நிற்குமே, அதில் சாலைக்கு அந்தப் பக்கம் தெரியும் வளைவு வைத்த மாடிவீடு எங்கள் எதிர்வீடு. அப்படியென்றால் பங்க் இருந்த இடத்தில்தான் நாங்கள் இருக்கிறோம்.

படத்துக்குக் கீழே, அந்தக் கார் லேண்ட்மாஸ்டரா, மோரிஸ் ஆக்ஸ்போர்டா என்று ஒரே சண்டை.

நடுவில் நான், "டேங்க் எங்கீங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"டிக்கிக்கு அடியிலதானுங்க அம்மணி!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

"காரோட டேங்க் இல்லீங்க, பங்க்கோட டேங்க்."

அந்த பங்க்கில் மெக்கானிக்காக இருந்த பெரியவர் ஒருவர் பதில் போட்டார்: "பங்க்க மூடுனப்ப அத ஆரும் தோண்டி எடுக்கலீங் கண்ணு. பெட்ரோலோட பூமிக்குள்ளயே உட்டுப்போட்டாங்க."

"எந்தப் பக்கமுங்க?" என்றேன். பதில் இல்லை. தூங்கப் போயிருப்பார்.

கார் மட்டும் லேண்ட்மாஸ்டர்தான் என்று முடிவாகிவிட்டது. ரொம்பச் சந்தோஷம்.

எங்கள் போர் கிழக்கு மூலையில் இருக்கிறது. விடிந்தால் பாப்பாவைக் குளிப்பாட்ட அந்தத் தண்ணீர்தான். டேங்க்கும் கிழக்கேதானா? தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் போடுங்கள்.